மேலே மஞ்சள், கீழே வெள்ளை

புதிதாகச் சங்கம் தொடங்குகிறவர் கொடியில் வேலோ லிங்கமோ வரைவார். வள்ளலார் எதையும் வரையவில்லை. 1873 அக்டோபர் 22 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அவர் ஏற்றிய சன்மார்க்கக் கொடியில் இரண்டே நிறங்கள். அதற்கு அவர் தந்த விளக்கம் உடம்புக்குள் இருக்கிறது: நாபியிலிருந்து புருவமத்தி வரை ஒரு நாடி, அதன் நுனியில் தொங்கும் சவ்வு, அடிப்புறம் வெள்ளை, மேற்புறம் மஞ்சள். சாதியையும் சமயத்தையும் தள்ளியவர் வேறெங்கே போய்ச் சின்னம் தேடுவார்?

தைப்பூசத்துக்கு முன் கழுக்குன்றத்தில் எனக்கு இந்தக் கொடி தைக்கும் வேலை வரும். பாப்ளின் துணி, நடுவில் இரட்டைத் தையல். ஒற்றைத் தையல் மலைக்காற்றுக்குப் பிரிந்துவிடும். மட்டமான துணி என்றால் முதல் மழையிலேயே மஞ்சள் வெள்ளையில் இறங்கிவிடும். கட்டுகிறவர்களே, தயவுசெய்து தலைகீழாகக் கட்டிவிடாதீர்கள்.