மூலத்துக்கு அருகே நின்ற டார்ஸான்

பம்பாயின் டார்ஸான் படங்களை ஹாலிவுட்டின் மலிவான நகல் என்று ஒதுக்குவது வழக்கம். எதன் நகல் என்று கேட்டுவிட்டு ஒதுக்கினால் நல்லது. எட்கர் ரைஸ் பரோஸ் 1912இல் பத்திரிகையில் எழுதிய கதையில் காடு பாதிதான். மறுபாதி பிறப்பைப் பற்றியது. பெற்றோரை இழந்த ஆங்கிலப் பிரபுவின் மகன் குரங்குகளிடம் வளர்கிறான், அப்பாவின் குடிலில் கிடந்த புத்தகங்களைப் பார்த்துத் தானாகவே எழுத்துக் கற்கிறான், தான் யார் என்பதைப் பிறகு அறிகிறான். ஜானி வைஸ்முல்லரை வைத்து எம்.ஜி.எம். 1932இல் எடுத்த படம் இவை அத்தனையையும் கழித்துவிட்டது. அந்த டார்ஸானுக்குப் பூர்வகதை இல்லை, படிப்பில்லை, பேச்சும் அரைகுறை.

ஐந்தாண்டு கழித்து, பரேலில் இயங்கிய வாடியா மூவிடோனுக்காக ஹோமி வாடியா இயக்கிய 'தூஃபானி டார்ஸான்' அந்தப் பிறப்புக் கதையை மீட்டது. தகப்பன் விஞ்ஞானி, காட்டில் சிங்கத்துக்கு இரையாகிறான். தாய் சித்தம் கலங்கிக் காட்டிலேயே திரிகிறாள். பிள்ளையின் கழுத்தில் தாயத்து. அவனைத் தேடி நகரத்திலிருந்து தாத்தா வருகிறார். கதாநாயகன் ஜான் காவாஸின் கொடியாட்டமும் கூவலும் வைஸ்முல்லரிடம் எடுத்தவைதான், சந்தேகமில்லை. ஆனால் மேல்பூச்சு வேறு, எலும்பு வேறு. பரோஸைப் படித்துத்தான் எடுத்தார்கள் என்று வாதாட வரவில்லை. சாகுந்தலத்தில் பரதனின் கைக்காப்பே தகப்பனைக் காட்டிக்கொடுக்கிறது. தொலைந்த வாரிசின் கதைக்கு நம் மேடை வெளியே போக வேண்டியதில்லை.

பரோஸின் மையம் வாரிசு அல்ல, வெள்ளை இரத்தத்தின் மேன்மை என்று மறுக்கலாம். சரியான மறுப்பு. அந்த மேன்மையைப் பம்பாய் குடும்பப் பாசமாக்கிவிட்டது. எனக்கு அது இழப்பாகப் படவில்லை. ஆனால் போமன் ஷ்ராஃபுக்குக் கறுப்புப் பூசி, பாதிக் குரங்கான வேலைக்காரன் 'தாதா'வாக நிறுத்தியபோது பழைய நிறவெறி பின்வாசல் வழியே நுழைந்தது. மூலத்துக்கு மிக விசுவாசமான இடமே படத்தின் கெட்ட இடம்.

1938இல் தமிழுக்கும் 'வனராஜ கார்ஸன்' வந்தான். ஹோமி 1942இல் பசந்த் பிக்சர்ஸைத் தொடங்கி, 1947இல் செம்பூரில் ஸ்டுடியோ கட்டினார். 1958இல் ஆசாத் நடித்த 'ஸிம்போ'. 1960இல் காவாஸே இயக்கிய 'ஸிம்போ கம்ஸ் டு டவுன்'. காட்டு மனிதனை ஊருக்குள் இழுத்து வந்தது வெறும் வசூலுக்காக என்பார்கள். வசூலுக்காகத்தான், எம்.ஜி.எம்மும் 1942இல் அவனை நியூயார்க்குக்குக் கொண்டுபோனது அதற்குத்தான். ஆனாலும் பரோஸின் முதல் நாவலிலேயே டார்ஸான் பாரிஸில் இருந்துவிட்டு, கடைசியில் அமெரிக்காவின் விஸ்கான்சினுக்குக் காரோட்டிக்கொண்டு வந்து சேர்கிறான்.