பழி சுமந்தோர் எழுப்பிய பள்ளி

குறையுடன் பிறந்த பிள்ளையைக் காணுங்கால், குற்றம் யாருடையது என வினவுவது மாந்தரின் பழைய வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வினாவை எழுப்பியோர் பாமரர் அல்லர், கற்றறிந்த மருத்துவரே. ஆட்டிசம் என்னும் நிலையுடைய குழந்தைகளின் தாய்மார் அதற்கு இலக்காயினர்.

1943-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கேனர் என்னும் மருத்துவர், 11 குழந்தைகளைக் குறித்துக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். பிறரோடு உறவுகொள்ளும் ஆற்றலில் இக்குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குறைபாடு உண்டென்று அவர் கருதினார். ஆயினும், இவர்களுடைய பெற்றோருள் அன்பு ததும்பியோர் மிகச் சிலரே என்றும் எழுதினார். முதற்கூற்றுப் பின்தள்ளப்பட்டது, இரண்டாவது வேர்கொண்டது. தாயின் அன்புக்குறைவே காரணம் என்னும் கொள்கை பரவி, 1967-இல் வெளிவந்த புரூனோ பெட்டல்ஹைமின் நூலால் வலுப்பெற்றது.

இங்கிலாந்தில் இப்பழியோடு வேறொரு சுமையும் சேர்ந்தது. பள்ளிக் கல்விக்குத் தகுதியற்றவர் என ஒரு பிள்ளையை விலக்கிவைக்க அந்நாளில் சட்டம் இடமளித்தது. அவ்வாறு விலக்கப்பட்டோர் கல்வித் துறையின் பொறுப்பிலிருந்து நீங்கினர். பயிற்சி நிலையமோ மருத்துவமனையோ அவர்களுக்கு இடமாயிற்று; பலர் வீட்டிலேயே இருந்தனர்.

இந்நிலையில், 1962-இல் லண்டனில் பெற்றோர் சிலர் ஒன்றுகூடிச் சங்கம் ஒன்றை நிறுவினர். தேசிய ஆட்டிசச் சங்கம் எனப் பின்னர் பெயர்பெற்ற அறநிறுவனம் இதுவே. மனநல மருத்துவரும், ஆட்டிசமுடைய மகளின் தாயுமாகிய லோர்னா விங் அதனை நிறுவியோருள் ஒருவர். பழிசுமத்திய துறையைச் சேர்ந்தவரே பழிசுமந்த தாயாகவும் இருந்தமை கருதத்தக்கது.

மாண்டிசோரி முறையில் பயிற்சி பெற்ற சிபில் எல்கர் என்னும் ஆசிரியை, தம் வீட்டின் நிலவறையில் இத்தகைய குழந்தைகளுக்குக் கற்பித்து வந்தார். 1965-இல் சங்கத்தின் முதற்பள்ளி, லண்டனின் ஈலிங் பகுதியில் அவர் பொறுப்பில் தொடங்கிற்று. தாயின் உள்ளத்தைத் துருவி ஆராய்வது அவர் முறையன்று. ஒழுங்கான அன்றாட நிரல், சுருக்கமான தெளிந்த சொற்கள், கண்ணாற் கண்டறியத்தக்க பொருள்கள் ஆகியவற்றைக் கொண்டு அவர் கற்பித்தார், பிள்ளைகளும் கற்றனர்.

எப்பிள்ளையையும் கல்விக்குப் புறம்பாக்கலாகாது என்னும் சட்டம் 1970-இல் இயற்றப்பட்டு, 1971 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, இந்நிலையில் மரபுவழிக் கூறு உண்டென 1977-இல் காட்டினர். ஒருகரு இரட்டையர் 11 இணைகளுள் நான்கில் இருவருமே ஆட்டிசம் உடையோராயிருந்தனர். இருகரு இரட்டையர் 10 இணைகளுள் ஒன்றிலேனும் அவ்வாறில்லை. தாய்மார் மீதான பழி ஆதாரமிழந்து வந்தது.

இதற்கிடையில் எல்கரின் மாணவர் இளைஞராய் வளர்ந்திருந்தனர். பள்ளி முடிந்தபின் அவர்கள் செல்லுமிடம் யாதென்னும் வினாவுக்கு விடையாக, 1974-இல் சோமர்செட் மாவட்டத்தில் சோமர்செட் கோர்ட் என்னும் வாழ்விடத்தைச் சங்கம் தொடங்கியது.

இவ்வாண்டுகளின் வரிசையை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். பள்ளி 1965-இல் எழுந்தது. சட்டம் 1971-இல் திருந்தியது. ஆய்வுச் சான்று 1977-இல் கிடைத்தது. தங்கள் குற்றமின்மை மெய்ப்பிக்கப்படும்வரை பெற்றோர் காத்திருந்திருப்பின், ஒரு தலைமுறைப் பிள்ளைகள் எழுத்தறியாமலே வளர்ந்திருப்பர். இத்தகைய இல்லங்களின் வாயிலை மிதிக்கும் ஆயர், காரணம் கூற முற்படுமுன் இவ்வரிசையை நினைவுகூர்வாராக. அவ்வீட்டுத் தாய் விளக்கங்கள் பலவற்றை ஏற்கெனவே கேட்டிருப்பாள். தன் பிள்ளைக்கு எங்கே இடமுண்டு என்பதே அவள் கேட்கும் கேள்வி.