எழுதி வைத்த தலைநகரம்

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்று கேட்டால் இன்று பள்ளிப் பிள்ளையும் பதில் சொல்லும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பதில் தஞ்சையிலேயே உறுதியாகத் தெரியாது. தலபுராணம் கிருமிகண்ட சோழன் என்றது. அறிஞர் பர்னல் குலோத்துங்கன் காலத்துக் கோயில் என்று கருதினார். 1886இல் சென்னை அரசின் கல்வெட்டறிஞராக வந்த ஜெர்மானியர் ஹுல்ட்ஷ் கோயில் சுவர்களைப் படித்த பிறகே முதலாம் இராஜராஜனின் பெயர் ஐயமறத் துலங்கியது. இத்தனைக்கும் அந்தப் பெயர் மண்ணுக்குள் புதைந்து கிடக்கவில்லை. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி, ஆள் நின்று படிக்கும் உயரத்தில், எட்டு நூற்றாண்டுக்கு மேல் வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டிருந்தது. எழுத்து இருந்தது, படிப்பார்தான் இல்லாமல் போனார்கள்.

இந்தச் செய்தியை நெஞ்சில் வைத்துக்கொண்டு தஞ்சைக்குள் நுழைய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். விஜயாலயன் கி.பி. 850ஐ ஒட்டி முத்தரையரிடமிருந்து இவ்வூரைக் கைப்பற்றினான். முதலாம் இராஜேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பெயரும் வரை சோழரின் தலைநகர் இது. பிறகு 1532 முதல் 1673 வரை நாயக்கர்கள். 1676ஐ ஒட்டித் தொடங்கி 1855 வரை மராட்டியர்கள். ஆட்சிமொழியும் அரண்மனை வழக்கமும் மாறின. ஆனால் எழுதி வைக்கும் பழக்கத்தை மூவரும் கைவிடவில்லை. கல்லிலும் ஓலையிலும் தாளிலும் தன்னைத் தானே எழுதி வைத்துக்கொண்ட ஊர் தஞ்சை. இங்கே பார்க்க வருகிறவர் கொஞ்சம் படிக்கவும் வந்தால் ஊர் இரண்டு மடங்காக விரியும்.

கல்லில் ஒரு கணக்கேடு

பெரிய கோயிலுக்குக் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். முடியாவிட்டால் மாலை ஐந்துக்கு மேல் போங்கள். தளக்கல் சுடாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கல்வெட்டைப் படிக்கச் சாய்வெயில் வேண்டும். உச்சிவெயிலில் எழுத்தின் பள்ளம் கல்லோடு கலந்துவிடும். பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் ஒவ்வொரு கீற்றிலும் நிழல் தங்கி, வரிகள் எழுந்து நிற்கும்.

கேரளாந்தகன் திருவாயில், இராஜராஜன் திருவாயில் இரண்டையும் கடந்து உள்ளே வருவோர் பெரும்பாலும் நந்தியின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். 216 அடி விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். போகும்போது இரண்டு செய்திகளைக் கேட்டுக்கொண்டு போகிறார்கள்: விமானத்தின் நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது எண்பது டன் எடையுள்ள ஒற்றைக்கல். நிழல் நன்றாகவே விழுகிறது. சிகரம் பல கற்களை இணைத்து அமைத்தது. அந்த நந்தியும் சோழர் வைத்ததன்று, நாயக்கர் காலத்தது. கருங்கல் மலையே அருகில் இல்லாத வயல்நாட்டில் இப்படியொரு கற்றளி எழுந்திருக்கிறது. இதற்கு மேல் கட்டுக்கதை எதற்கு?

நந்தியிலிருந்து நகர்ந்து விமானத்தின் அடித்தளத்துக்கு வாருங்கள். பட்டை பட்டையாக வளைந்து செல்லும் கற்களில் வரி வரியாக எழுத்து ஓடும். தொடக்கத்தில் கிரந்த எழுத்தில் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்றிருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் ஒரு கல்வெட்டின் வாசலைக் கண்டுவிட்டீர்கள். ட, ப, ம, வ போன்ற எழுத்துகள் ஆயிரம் ஆண்டு கடந்தும் ஏறத்தாழ நம் எழுத்தாகவே இருக்கின்றன. மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இராது. இவ்வளவு தெரிந்தால் போதும். அரைமணி நேரம் பொறுமையாக நின்றால் ஊர்ப்பெயர் ஒன்று, அளவுச்சொல் ஒன்று, ஆள்பெயர் ஒன்று தானாகப் பிடிபடும். பிள்ளைகளோடு வருவோர் இதை ஒரு விளையாட்டாகவே நடத்தலாம்.

அந்த வரிகளில் என்ன இருக்கிறது? இராஜராஜன் தன் ஆட்சியின் 26ஆம் ஆண்டு 20ஆம் நாளில், அரண்மனையின் கீழைத் திருமஞ்சனசாலையில் இருந்தபடி ஓர் ஆணை இட்டான். தான் கொடுத்தது, அக்காள் கொடுத்தது, தன் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டுக என்பது அந்த ஆணை. தனக்கு அடுத்தபடியாக அவன் சொன்னது தமக்கை குந்தவையை. மனைவியர் அதற்குப் பின்னரே வருகிறார்கள். 25ஆம் ஆண்டு 275ஆம் நாள், அதாவது 1010இல், விமானத்தின் உச்சிக்குப் பொன் போர்த்த செப்புக்குடம் தந்த செய்தி உண்டு. நகைகளுக்கு எடையும், கோத்த முத்துகளுக்கு எண்ணிக்கையும் உண்டு.

அரசன் பெருமையோடு இந்த ஏடு நின்றுவிடவில்லை. ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள் என்ற கணக்கில் மந்தைகளைப் பெற்று, நாளும் ஓர் உழக்கு நெய் அளக்க ஒப்புக்கொண்ட இடையர்களின் பெயர்கள் இருக்கின்றன. திருப்பதியம் பாட அமர்த்தப்பட்ட 48 பிடாரர்களும், அவர்களுக்கு உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசித்த இருவரும் இருக்கிறார்கள். குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் இருக்கிறான். இராஜராஜப் பெருநாவிதனும் இருக்கிறான். கோயில் எழுப்பிய தச்சனுக்கும் முடி திருத்துபவனுக்கும் அரசன் தன் பெயரையே பட்டமாகக் கொடுத்ததை இந்தச் சுவரில்தான் அறிகிறோம்.

வடக்குத் திருச்சுற்றின் வெளிப்புறச் சுவரில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் உள்ளது. சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து ஆடவும் பாடவும் அழைத்துவரப்பட்ட பெண்கள் இவர்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாம் வீட்டில் குடியேறினாள் என்பது வரை எழுதியிருக்கிறது. தென்சிறகின் தலைவீட்டில் இருந்தவள் நக்கன் சேரமங்கை. தலைநகரம் ஒன்றில் தெருவாரியாக, வீட்டு வரிசைப்படி பெண்களின் பெயர்களை எழுதி வைத்த சுவர் இது.

அப்படியே திருச்சுற்று மாளிகையின் தென்மேற்குப் பக்கம் நடந்தால் தேவநாகரி எழுத்து வரும். போன்சலே வம்ச சரித்திரம் என்னும் மராட்டிக் கல்வெட்டு, 1803இல் வெட்டியது. சோழனின் சுவர் நிறைய எழுத்து இருக்கக் கண்ட மராட்டிய அரசர், தம் குலத்தின் கதையையும் அதே வளாகத்தில் எழுதினார்.

வண்ணத்தின் அடியில் வண்ணம்

கருவறையைச் சுற்றிய உள்சுற்றில், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி, நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதைக் கண்டறிந்தார். சுந்தரர் தடுத்தாட்கொள்ளப்பட்ட கதையும், தேர்மேல் நிற்கும் திரிபுராந்தகரும் அங்கே இருக்கிறார்கள். பின்னாளில் தொல்லியல் துறை மேலடுக்கைச் சிதையாமல் பெயர்த்தெடுக்கும் வழி கண்டது. பொதுமக்கள் அங்கே நுழைய வழக்கமாக இடமில்லை. கோயில் வளாகத்தில் உள்ள காட்சிக்கூடத்தின் படங்களில் காணலாம். அதற்கு மேல்தளத்தில் 108 கரணங்களைச் சிவபெருமானே ஆடிக்காட்டும் வரிசை. 81 சிற்பங்களோடு உளி நின்றுவிட்டது. மீதிக்கான கற்கள் வெறுமையாகவே காத்திருக்கின்றன.

அரசு போன அரசரின் நூலகம்

நடை சாத்தும் பகல்வேளையை அரண்மனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாயக்கர் தொடங்கி மராட்டியர் வளர்த்த வளாகம் அது. 1951இல் அங்கே அமைந்த கலைக்கூடத்தில் மற்றவற்றை விரைவாகப் பார்த்தாலும் திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன் நில்லுங்கள். தலைப்பாகைபோல் சுருண்ட சடை. ஒரு காலை மாற்றி வைத்த ஒயில். காளையின்மேல் சாய்ந்திருக்க வேண்டிய கை. காளை கிடைக்கவில்லை, கை மட்டும் வெறுங்காற்றில் தங்கியிருக்கிறது. ஆனாலும் பார்ப்பவர் கண்ணுக்குக் காளை தெரிகிறது. சோழச் செப்புத்திருமேனிகளில் பெரும்பாலானவற்றின் காலத்தை அமைப்பைக் கொண்டே கணிக்க வேண்டும். இதற்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டு 1011 என்று சொல்லிவிடுகிறது. அருகில் உள்ள தேவிக்கு 1012. இங்கும் எழுத்துதான் துணை.

அதே வளாகத்தில் சரஸ்வதி மகால். நாயக்கர் காலத்திலேயே தொடங்கிய ஏட்டுத் தொகுப்பைப் பெருநூலகமாக்கியவர் இரண்டாம் சரபோஜி. 1798இல் அரியணை ஏறியவரிடமிருந்து மறு ஆண்டே ஆங்கிலேயர் ஆட்சிப் பொறுப்பை வாங்கிக்கொண்டார்கள். கோட்டைக்கு வெளியே அதிகாரம் இல்லாத அரசர், தமக்கு மிஞ்சியதைப் புத்தகங்களுக்குக் கொடுத்தார். அவர் 1820இல் தொடங்கிய காசி யாத்திரையும் சுவடி திரட்டும் யாத்திரையாயிற்று. தமிழ், தெலுங்கு, மராட்டி, வடமொழிச் சுவடிகளோடு ஐரோப்பிய நூல்களையும் வாங்கினார். பலவற்றில் ஆங்கிலத்தில் தம் கையொப்பம் இட்டார். கண்ணோயாளிகளின் கண்களை வண்ணத்தில் வரைந்து சிகிச்சை விவரத்தோடு பதிந்த குறிப்புகளும் இங்கே உள்ளன. 1918இல் இது பொதுமக்களுக்கு உரியதாயிற்று. சுவடிகள் ஆய்வாளருக்கு, ஆனால் முன்பகுதியின் காட்சியகம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது.

சரபோஜிக்குக் கல்வி தந்தவர் ஜெர்மானியப் பாதிரியார் ஷ்வார்ட்ஸ். சிவகங்கைக் குளத்தை ஒட்டி அவர் 1779இல் கட்டிய தேவாலயத்தில், மரணப்படுக்கையில் கிடக்கும் ஆசானின் கையைப் பற்றி நிற்கும் மாணவனைப் பளிங்கில் காணலாம். ஆங்கிலச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கியது. குரு சீடர் அன்புக்கு இதைப்போல் ஒரு நினைவுச்சின்னம் நம் நாட்டில் அரிது.

வீதிகளில் நடக்கும் மாலை

மாலையில் வண்டியை விட்டு இறங்கி நடங்கள். கீழவாசல் பக்கம் பீரங்கி மேட்டில் இருக்கும் இராஜகோபால பீரங்கி ஏறத்தாழ 25 அடி நீளம். இரகுநாத நாயக்கர் காலத்தது. இது வார்ப்பு அன்று. இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, மேலே இரும்பு வளையங்களைக் காய்ச்சி இறுக்கிச் செய்தது. தஞ்சைக் கொல்லரின் கைத்திறனுக்குச் சான்று வேண்டுவோர் இதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தால் பட்டைகளின் வரிசை தெரியும்.

மேல வீதியில் பங்காரு காமாட்சி கோயில். சியாமா சாஸ்திரிகள் வழிபட்டுப் பாடிய அம்மன். அதே வீதியில்தான் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர் வாழ்ந்தார்கள். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் சதிர்க் கச்சேரியின் ஒழுங்கை வகுத்தவர்கள் அவர்கள். தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியலைக் காலையில் கண்டவர் மாலையில் இந்த வீதியில் நின்றால், எண்ணூறு ஆண்டு ஆட்டத்தின் இரு கரைகளையும் ஒரே நாளில் தொட்டவர் ஆவார்.

வீணைப் பட்டறை ஒன்றையும் பாருங்கள். பலாமரத்தைக் குடைந்து குடமும் தண்டியும் யாளிமுகமும் செய்கிறார்கள். கடைசி வேலை மெழுகு பரப்பி 24 மெட்டுகளைப் பதிப்பது. அங்கே அளவுகோல் காதுதான்; மெழுகு இளக்கமாக இருக்கும்போதே சுருதி கேட்டு மெட்டை நகர்த்தி நிறுத்துகிறார்கள். விஜயராகவ நாயக்கர் காலத்தில் வேங்கடமகி சதுர்தண்டி பிரகாசிகையில் 72 மேளங்களை வகுத்ததும் இந்த ஊரில்தான். ஏட்டில் எழுதிய இசையிலக்கணமும் மெழுகில் பதியும் இசையும் ஒரே மண்ணின் விளைச்சல். வெள்ளியும் செம்பும் பித்தளையும் சேர்ந்த கலைத்தட்டு, பொன்தாளும் கண்ணாடிக்கல்லும் பதித்த தஞ்சை ஓவியம், தலையாட்டி பொம்மை ஆகியவற்றை வாங்குவோர், செய்யும் இடத்திலேயே போய்ப் பார்த்து வாங்கினால் அந்தக் கைகளின் மதிப்பு தெரியும்.

இரண்டாம் நாள் கையில் இருந்தால் காலையில் கரந்தைக்குப் போகலாம். 1911இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கம் அங்கே இருக்கிறது. 1981இல் எழுந்த தமிழ்ப் பல்கலைக்கழகமும் ஊரின் எழுத்துப் பணியைத் தொடர்கிறது. ஐப்பசிச் சதயத்தில் வர முடிந்தவர்கள், கட்டிய அரசனின் பிறந்தநாளை ஊரே கொண்டாடுவதைக் காணலாம்.

எஞ்சியது

ஒரு கேள்வி வருகிறவர்கள் மனத்தில் எழும். இவ்வளவும் பார்த்தோம், இராஜராஜன் வாழ்ந்த அரண்மனை எங்கே? இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையைத் தீக்கிரையாக்கினான். சோழர் மாளிகையில் ஒரு சுவரும் இன்று நமக்குத் தெரியவில்லை. ஆனால் அதில் கீழைத் திருமஞ்சனசாலை ஒன்று இருந்தது என்றும், ஒரு நாள் அங்கே இருந்துதான் அரசன் எல்லாவற்றையும் எழுதச் சொன்னான் என்றும் தெரியும். தளிச்சேரித் தெருவும் போய்விட்டது; நானூறு வீடுகளில் ஒரு வாசற்படி இல்லை. தலைவீட்டுக்காரி நக்கன் சேரமங்கை என்பது மட்டும் தெரியும்.

ஆகவே தஞ்சைக்கு வருகிறவர்களே, வடக்குத் திருச்சுற்றுக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். சாய்வெயில் சுவரில் விழும் நேரத்தில் ஒரு வரியின் முன் நின்று, எழுத்துக்கூட்டி, அங்கே வரும் ஒரு பெயரையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தப் பெயர் ஆயிரம் ஆண்டுகளாகக் காத்திருப்பது அதற்குத்தான்.