நாரங்காய் ஊர் சுற்றி ஆரஞ்சு ஆன கதை

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். இடையிடையே பலா, கொய்யா, கமலா ஆரஞ்சு. கொல்லைப் பக்கம் நாரத்தை நின்றால் அந்த வீட்டில் ஊறுகாய்க்குக் குறைவில்லை. நாரத்தை தமிழ், ஆரஞ்சு ஆங்கிலம் என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அது பாதிதான் சரி.

மலையாளத்தில் மாங்காய் 'மாங்ஙா' என்பதுபோல, நாரம் என்ற மரத்தின் காய் 'நாரங்ஙா'. வடமொழியின் 'நாரங்க' என்ற சொல் இப்படியொரு திராவிடச் சொல்லிலிருந்து போயிருக்க வேண்டும் என்பது அறிஞர் பலரின் கருத்து. அங்கிருந்து பாரசீகத்துக்குப் போய் 'நாரங்'. அந்தக் கடைசி 'g' ஒலி வாய்க்காத அரபியில் 'நாரஞ்ஜ்'. அரேபியர் வழியாக ஸ்பெயினில் பழத்தோடு பெயரும் இறங்கியது. இத்தாலியில்தான் வேடிக்கை. 'ஒரு' என்பதற்கு அங்கே 'உன்', 'உனா' என்பார்கள். அதன் கடைசி 'ன' எது, பழத்தின் முதல் 'ந' எது என்று காதுக்குப் பிடிபடாமல் 'அராஞ்சா' ஆயிற்று. பிரெஞ்சில் பொன்னுக்கு 'ஓர்' என்று பேர். பழத்தின் நிறம் பார்த்தோ என்னவோ, முதலெழுத்து அங்கே 'ஓ' ஆனது. ஆங்கிலேயர் வாயில் 'ஆரஞ்ச்' ஆகி, அவர்கள் ஆட்சியோடு தமிழுக்குத் திரும்பியது. தெலுங்கோ 'நாரிஞ்ச' என்று 'ந'வை விடாமல் வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்தார் இந்தக் குடும்பத்தோடு ஒட்டாமல் தோடம்பழம் என்கிறார்கள்.

சங்க இலக்கியத்தில் 'நரந்தம்' வருகிறது. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் அதுவும் ஒன்று. அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய புறநானூற்று 235ஆம் பாட்டு, தலைதடவிய அவன் கையில் நரந்தம் மணந்ததை நினைக்கிறது. அதியமானின் தகடூர், ஏற்காடு உள்ள சேர்வராயன் மலைக்கு வடக்கே இருக்கும் இன்றைய தருமபுரிதான். நரந்தம் நாரத்தம்பூவா, மணப்புல்லா, கத்தூரியா என்று உரைகாரர்கள் பிரிந்து நிற்கிறார்கள். நாரத்தம்பூவை ஒருமுறை முகர்ந்தவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

சொல் தெற்கத்தியது என்றால் பழமும் அப்படியே என்று எண்ணிவிடக் கூடாது. எலுமிச்சைப் பேரினம் இமயத்தின் தென்கிழக்கு அடிவாரத்தில், அசாம், வடமியான்மர், யுனான் வட்டாரத்தில் தோன்றியது என 2018இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அரேபியர் கொண்டுபோனது புளிப்பும் கசப்புமான வகை. இனிப்பு ஆரஞ்சைப் பின்னாளில் ஐரோப்பாவில் பரப்பியவர்கள் போர்ச்சுக்கீசியர். அதனால் இன்று அரபியில் ஆரஞ்சுக்கு 'புர்துகால்' என்றே பேர்!

சேர்வராயனில் காப்பியும் சீமைப் பழமரங்களும் காலூன்ற வழிசெய்தவர், 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன். கமலா ஆரஞ்சு 500 முதல் 1,500 மீட்டர் உயரம்வரை நன்றாக வரும். ஏற்காடு அந்த மேல் எல்லையில் இருக்கிறது.

சமையலில் நாரத்தையின் கைதான் ஓங்கியது. காயைச் சுருளாக நறுக்கி, உப்பு அடைத்து, வெயிலில் உலர்த்தினால் வருடக்கணக்கில் கெடாது. இலையையும் விடுவதில்லை. நாரத்தை, எலுமிச்சை இலைகளின் நடுநரம்பைக் கிள்ளிவிட்டு, மிளகாய், ஓமம், பெருங்காயம், புளி, உப்போடு இடித்து உருட்டினால் தயிர்சாதத்துக்கு வேப்பிலைக்கட்டி. பெயரில் இருக்கும் வேப்பிலை உருண்டையில் இல்லை. ஆரஞ்சுக்கு வாய்த்தது தோல் மட்டும்: பொடியாக நறுக்கி வதக்கிப் புளிக்குழம்பில் போட்டால், கசப்பு அடங்கி வாசனை நிற்கும்.

கறிவேப்பிலையும் ஆரஞ்சுக்கு உறவுதான். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். இந்த உறவில் ஒரு வில்லங்கம் உண்டு. ஆரஞ்சைக் கொல்லும் 'கிரீனிங்' நோயின் பாக்டீரியாவைப் பரப்பும் சைலிட் பூச்சி, கறிவேப்பிலைத் தளிரிலும் முட்டையிடும். நோய் கண்ட மரத்தில் இலை திட்டுத்திட்டாக மஞ்சளாகும், பழம் கோணிச் சிறுத்துக் கசக்கும். குணமாக்க மருந்து கிடையாது. எனவே, கொல்லையில் இரண்டையும் வளர்ப்பவர்கள் இளந்தளிரை அடிக்கடி திருப்பிப் பாருங்கள். கன்று வாங்கும்போது நோயில்லாத தாய்மரத்தின் கன்றா என்று கேட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் கேட்க, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஏற்காட்டிலேயே இருக்கிறது.