73 வெற்றிகளும் ஒரு தோல்வியும்

2016ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் ஓக்லண்ட் நகரில், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி கிளீவ்லண்ட் கவாலியர்ஸ் அணியிடம் 93-89 என்ற புள்ளிக் கணக்கில் தோற்றது. அந்தப் பருவத்தின் லீக் சுற்றில் 82 ஆட்டங்களில் 73ஐ வென்று, அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து வரலாற்றில் அதுவரை எவரும் எட்டாத உயரத்தை எட்டிய அணி அது. இறுதிச் சுற்றிலும் 3-1 என முன்னிலை பெற்றிருந்தது. இருந்தும் கோப்பை கைநழுவிற்று. கோப்பையை ஏந்திய கவாலியர்ஸ் லீக் சுற்றில் வென்றவை 57 ஆட்டங்களே.

யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் பழைய கணக்குகளைப் புரட்டினால் விடை அவ்வளவு எளிதாக இல்லை.

2025 வரை, ஒரு பருவத்தில் 67 அல்லது அதற்கு மேற்பட்ட ஆட்டங்களை வென்ற அணிகள் 14. அவற்றுள் 10 அணிகள் பட்டமும் வென்றன. 1971-72இல் தொடர்ந்து 33 ஆட்டங்களை வென்ற லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ், 1995-96இல் 72 வெற்றிகள் கண்ட சிகாகோ புல்ஸ், 2024-25இல் 68 வெற்றிகளோடு வந்த ஓக்லஹோமா சிட்டி தண்டர் ஆகியவை அந்த வரிசையில் வருபவை. ஆக, வெற்றிகளின் எண்ணிக்கை பொய் சொல்வதில்லை. முழு உண்மையையும் சொல்வதில்லை.

எஞ்சிய நான்கில் வாரியர்ஸ் ஒன்று. 2016இலேயே வீழ்ந்த சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் மற்றொன்று. 1973இல் 68 வெற்றிகள் பெற்ற பாஸ்டன் செல்டிக்ஸ், நியூயார்க் நிக்ஸுக்கு எதிரான தொடரில் ஜான் ஹாவ்லிசெக்கின் தோள் காயத்தோடு போராடித் தோற்றது. 2007இல் 67 வெற்றிகள் பெற்ற டல்லஸ் மாவெரிக்ஸ், 42 வெற்றிகளே கண்டிருந்த வாரியர்ஸிடம் முதல் சுற்றிலேயே வீழ்ந்தது. வாரியர்ஸின் பயிற்சியாளர் டான் நெல்சன் முன்னர் டல்லஸுக்குப் பயிற்சியளித்தவர். அந்த அணியின் உள்ளும் புறமும் அறிந்தவர். மறுபுறம், 1978இல் வாஷிங்டன் புல்லட்ஸ் 44 வெற்றிகளோடும், 1995இல் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் 47 வெற்றிகளோடும் பட்டம் சூடின.

கணிதமும் இதையே சொல்கிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்லும் வாய்ப்பு 60 விழுக்காடு உள்ள அணி, ஏழு ஆட்டத் தொடரை வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 71 விழுக்காடு. நான்கு தொடர்களையும் அடுத்தடுத்து வெல்லும் வாய்ப்போ கால் பங்குதான். 82 ஆட்டங்களில் வலியவர், மெலியவர், களைத்தவர் என எல்லோரும் எதிரே வருவர். பிளே-ஆஃப் சுற்றிலோ ஒரே எதிரி மீண்டும் மீண்டும் வருகிறான். நம் பலவீனத்தைப் படித்துக்கொண்டு வருகிறான்.

இக்கதையின் இரு முனைகளிலும் நின்றவர் ஸ்டீவ் கெர். 72 வெற்றிகள் கண்ட புல்ஸின் ஆட்டக்காரர் அவரே. 73 வெற்றிகள் கண்ட வாரியர்ஸின் பயிற்சியாளரும் அவரே. அடுத்த ஆண்டில் அவரது அணி, கெவின் டூரன்ட்டின் வரவால் வலுப்பெற்று, 67 வெற்றிகளோடு பிளே-ஆஃபில் நுழைந்து, அங்கே 17 ஆட்டங்களில் 16ஐ வென்று பட்டம் பெற்றது.

லீக் வெற்றிகள் உறுதியாக வாங்கித் தருவது ஒன்றே: முடிவான ஆட்டத்தைச் சொந்த அரங்கில் ஆடும் உரிமை. 2016இல் வாரியர்ஸின் 73 வெற்றிகளும் அதை வாங்கித் தந்தன. அந்த ஏழாவது ஆட்டம் நடந்தது அவர்களின் அரங்கில்தான்.