தளைக்கு வரி போட்டார்கள், ஏறியவனுக்கு என்ன செய்தார்கள்?

கி.பி. 849-ல் கொல்லத்தில் ஒரு செப்பேடு எழுதப்பட்டது. வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடி, மார் சபீர் ஈசோ கட்டிய தரிசாப்பள்ளி என்ற கிறித்தவக் கோயிலுக்குக் கொடுத்த கொடை அது. நிலத்தோடு சேர்த்து மனிதர்களையும் கொடுத்தார்கள். அந்த மனிதர்களில் கள்ளிறக்கும் ஈழவர் குடும்பங்கள் நான்கு. அவர்களிடமிருந்து அரசன் ஆட்கள் இன்னின்ன வரிகளை வாங்கக்கூடாது என்று ஒரு பட்டியலும் அதில் இருக்கிறது. பட்டியலில் இரண்டு பெயர்கள் நம்மை நிறுத்துகின்றன: ஒன்று தளைக்காணம், மற்றொன்று ஏணிக்காணம்.

முதல் சொல்லைத் தலைவரி என்று படிக்கும் அறிஞர்களும் உண்டு. ஏணிக்காணத்தில் அப்படி எந்தக் குழப்பமும் இல்லை. மரம் ஏறுகிறவன் வைத்திருக்கும் ஏணிக்கு வரி. முதல் சொல்லைத் தளை என்றே படித்தால், அவன் இரண்டு காலிலும் மாட்டிக்கொள்ளும் நார் வளையத்துக்கும் வரி. அந்த நான்கு குடும்பங்களுக்கு வரி நீங்கியதும் அவர்கள் மேல் இரக்கப்பட்டு அல்ல. கோயிலுக்குக் கொடுத்த சொத்தில் வேறு யாரும் கைவைக்கக்கூடாது என்பதற்காகத்தான்.

தோழர்களே, நாம் வரலாறு படிக்கும்போது கோட்டையையும் கோயிலையும் படிக்கிறோம். இந்தக் கட்டுரையில் ஒரு நார் வளையத்தின் வரலாற்றைப் படிப்போம். ஏறுகிறவன் உயிரைத் தாங்கிய கருவி அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதிகாரத்தில் இருந்தவர்கள் அதன் மீது வரி போட்டார்கள், தடை போட்டார்கள், தீட்டும் ஏற்றினார்கள். அதைக் கொஞ்சம் பாதுகாப்பானதாக ஆக்க வேண்டும் என்று மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஏறும் கருவிகள்

பனையேறியின் கருவிகள் எல்லாம் அவன் உடம்பிலேயே தொங்கும். காலில் தளை. அது பெரும்பாலும் பனை மட்டையின் நாரில் முறுக்கியது. இடுப்பில் பாளை சீவும் அரிவாள் வைத்த பெட்டி, சுண்ணாம்பு வைத்த சின்னப் பெட்டி, பாளையை நசுக்கும் கடிப்பு, இறக்கிய பதநீரை ஊற்றிக்கொள்ளும் குடுவை. முதல் மிதி வைக்க மரத்தில் சாய்க்கும் ஒரு தடி. யாழ்ப்பாணத்தில் இதே தொழிலுக்குத் தளைநார், கத்தி வைக்கும் இயனக்கூடு, கள் சேரும் முட்டி என்று பெயர்கள் கொஞ்சம் மாறும். வேலை ஒன்றுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. விழாமல் பிடித்து நிறுத்த இந்தக் கருவிகளில் எதுவும் கிடையாது. தளை பாதங்கள் இரண்டையும் சேர்த்து மரத்தைக் கவ்வ உதவும். கை நழுவினால் காப்பாற்றாது. மரத்தைக் கட்டிப்பிடிக்கும் இரண்டு கைகளும், காய்த்துப்போன நெஞ்சும்தான் பாதுகாப்புக் கருவிகள்.

19ஆம் நூற்றாண்டுப் பதிவுகள் ஒரு பனையேறி முப்பது முதல் ஐம்பது மரம் வரை, காலையும் மாலையும் ஏறியதாகச் சொல்கின்றன. பாளையைத் தினமும் மெல்லியதாகச் சீவாவிட்டால் ஊறல் நின்றுவிடும். அதனால் பருவம் முழுக்க ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. குறைந்த கணக்காகவே போடுவோம்: 30 மரம், 2 முறை, மரம் 15 மீட்டர். ஒரு நாளைக்கு 900 மீட்டர் ஏற்றம், 900 மீட்டர் இறக்கம். மழை பெய்தால் மரம் வழுக்கும், காற்றடித்தால் உச்சி ஆடும். மட்டையின் கருக்கு ரம்பம் போலக் கிழிக்கும். கொண்டைக்குள் குளவிக்கூடு இருக்கலாம், பாம்பும் இருக்கலாம்.

கீழே நிற்பவனின் சட்டம்

மரத்தின் மேல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவனுக்குக் கீழே இறங்கியதும் என்ன கிடைத்தது? சோழர் காலப் பிரமதேயச் செப்பேடுகளில் ஒரு நிபந்தனை திரும்பத் திரும்ப வரும். அந்த ஊர்த் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்பதே அது. ஓரிடத்தில் ஏணிக்கு வரி, இன்னோரிடத்தில் ஏறவே தடை. இரண்டையும் எழுதியவர்கள் மரம் ஏறாதவர்கள்.

திருவிதாங்கூரில் சாணார்கள் என்று அழைக்கப்பட்ட பனையேறிகள் நம்பூதிரியிடமிருந்து 36 அடித்தடம் தள்ளி நிற்க வேண்டும் என்பது வழக்கம். குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது, பொன் நகை அணியக்கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது. ஆண் இறக்கிய பதநீரை அடுப்பின் முன் மணிக்கணக்காகக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கியவர்கள் அந்தப் பெண்கள்தான். அவர்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நீண்டது. 1859-ல்தான் அரசு ஆணை பிறந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை விட்டுவைக்கப்பட்டது.

கடல் கடந்தால் இதே கதை இன்னும் கடுமையாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கள்ளிறக்கியவர்கள் பெரும்பாலும் நளவர், பள்ளர். டச்சுக்காரர் 1707-ல் தொகுத்த தேசவழமைச் சட்டம் இவர்களை அடிமைச் சாதிகளாக எழுதிவைத்தது. 1844-ல் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. மரம் மட்டும் அவர்களுடையதாக ஆகவில்லை. பனை வெள்ளாளருடைய வளவில் நின்றது, ஏறியவன் பஞ்சமன். அவன் இறக்கிய கள்ளைக் குடித்தவர்கள் தேநீர்க் கடையில் அவனுக்குத் தனிக் குவளை வைத்தார்கள். 1966 அக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், 1968-ல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் நடந்த போராட்டமும் இந்தக் குவளையையும் பூட்டிய கதவையும் எதிர்த்துத்தான். அந்தப் போராட்ட மரபிலிருந்து வந்த கே. டானியல்தான் ‘பஞ்சமர்’ நாவலை எழுதினார். 1970களில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவானபோது, தங்கள் கள்ளைத் தாங்களே விற்கும் வழி அந்த மக்களுக்குக் கிடைத்தது. பிறகு போர் வந்தது. பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் வெட்டப்பட்டன.

எல்லோரும் சொன்னது: இறங்கு

இங்கே நாம் சங்கடமான ஒன்றையும் பேச வேண்டும்.

தமிழ்நாட்டு நாடார்கள் இன்று பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். 1910-ல் நாடார் மகாஜன சங்கம் தொடங்கியது, 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர் மாறியது. மகமை என்ற பொதுநிதி பள்ளிகளைக் கட்டியது. சிவகாசியிலும் விருதுநகரிலும் வணிகம் வளர்ந்தது. ஒடுக்கப்பட்ட ஒரு மக்கள் தம் சொந்தக் காசில் எழுந்த வரலாறு இது. நாம் இதை மதிக்கிறோம். ஆனால் அந்த எழுச்சியின் பாதை மரத்தைவிட்டு இறங்குவதாகவே இருந்தது. கேரளத்தில் நாராயண குருவும் தம் ஈழவ மக்களிடம் கள்ளிறக்குவதை விடச் சொன்னார். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. தொழிலோடு ஒட்டிய இழிவை உதற, தொழிலையே உதறுவது ஒரு வழி. அம்பேத்கரும் இழிதொழில்களை விட்டு வெளியேறச் சொன்னவர்தான்.

ஆனால் இறங்க முடியாதவர்கள்? நிலம் இல்லாதவர், மகமைக்குக் கொடுக்கக் காசில்லாதவர், கடை வைக்க முதல் இல்லாதவர் தொடர்ந்து ஏறிக்கொண்டே இருந்தார்கள். மேலே போன சொந்தங்கள் அவர்களைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டார்கள்.

அரசும் இறங்கத்தான் சொன்னது, போலீசை வைத்து. 1937-ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கவே தடை. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். இரண்டுக்கும் ஏறும் உயரம் ஒன்றுதான், விழுந்தால் உடையும் முதுகும் ஒன்றுதான். ஆனால் ஒன்றுக்கு அவன் தொழிலாளி, மற்றொன்றுக்குக் குற்றவாளி. 2003-ல் மதுபானச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் மூலம் அரசே தன் கையில் எடுத்துக்கொண்டது. ஆலையில் வடித்த சரக்கு அரசுக் கடையில் விற்கிறது. கலயத்தை மட்டும் அதிகாரி முகர்ந்து பார்க்கிறார். குற்றவாளி என்று சந்தேகிக்கப்படும் ஒருவனுக்குப் பாதுகாப்புக் கருவி செய்து கொடுக்க எந்தத் துறைக்கு அக்கறை வரும்?

கருவி எப்போது வந்தது?

மரமேறும் இயந்திரம் வராமல் இல்லை. கேரளத்தில் கண்ணூர் பகுதி விவசாயி ஒருவர் கண்டுபிடித்த தென்னை ஏறும் கருவி பரவலானது. இரும்புச் சட்டம், மரத்தைச் சுற்றிக் கம்பி வடம், இரண்டு காலுக்கும் மிதி. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, பெண்கள் உட்பட இளைஞர்களுக்குப் பயிற்சியும் கருவியும் காப்பீடும் கொடுத்தது. நல்ல திட்டம். ஆனால் அது எப்போது வந்தது என்று பாருங்கள். ஏறுகிறவர்கள் விழுந்து செத்தபோது வரவில்லை. ஏற ஆள் கிடைக்காமல் தேங்காய் மரத்திலேயே நின்றபோது வந்தது. முன்பு விழுந்தவனுக்கு நட்டம், இப்போது தோப்புக்காரருக்கு நட்டம்.

பனைக்கு அந்தக் கருவி அப்படியே பொருந்தாது. காரணங்களைப் பனையேறிகளே தெளிவாகச் சொல்வார்கள். பனையின் தூர் பெருத்து, நடு மெலிந்து, மேலே மறுபடி பருக்கும். ஒரே அளவில் மாட்டிய வடம் நடுவில் தளரும். மட்டை கழியாத மரத்தில் வடம் சிக்கும். தேங்காய் பறிக்கிறவர் ஒரு மரத்துக்கு மாதக்கணக்கில் ஒருமுறைதான் ஏறுகிறார், கருவியை மாட்டிக் கழற்றச் சில நிமிடம் ஆனாலும் தாங்கும். பனையேறி நாளுக்கு அறுபது முறை மாட்டிக் கழற்ற வேண்டும். அதற்குள் வெயில் ஏறிவிடும், பதநீர் கெட்டுவிடும்.

இன்னொரு சிக்கல் உச்சியில் இருக்கிறது. பாளையைத் தொட மரத்தை விட்டு மட்டைகளுக்குள் நுழைய வேண்டும். இடுப்பில் வார் கட்டி மரத்தைச் சுற்றியிருந்தால் அந்த இடத்தில் அதைக் கழற்றியே ஆக வேண்டும். மிக ஆபத்தான நொடியில் பாதுகாப்பு இல்லாமல் போகும். மற்ற நாடுகளில் மரம் ஏறிக் கிளை கழிப்பவர்கள் இதற்கு இரண்டு வார் வைத்திருக்கிறார்கள். இரண்டாவதை மேலே மாட்டிய பிறகே முதலாவதைக் கழற்றுவார்கள். பனையின் கொண்டைக்கு ஏற்ப எடை குறைந்த இரட்டை வார் செய்வது ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. பனையேறியை உட்கார வைத்துக் கேட்டுச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பிரிட்டனில் உயரத்தில் வேலை செய்வோருக்கான விதிகள் 2005-ல் வந்தன. வேலை கொடுப்பவர்தான் கருவிக்கும் பயிற்சிக்கும், விபத்து நடந்தால் மீட்கும் ஏற்பாட்டுக்கும் பொறுப்பு. இந்தியாவில் 2020-ல் இயற்றிய தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பொதுவாக 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்களைப் பற்றிப் பேசுகிறது. பாட்டத்துக்கு மரம் எடுத்துத் தனியாக ஏறுகிறவனுக்கு முதலாளி யார்? விழுந்து கிடந்தால், பதநீர் எடுக்க மனைவி வரும்வரை யாருக்கும் தெரியாது.

நாம் கேட்க வேண்டியவை

பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். பனைமரத் தொழிலாளருக்கு நல வாரியமும் இருக்கிறது. மரத்துக்குக் கிடைத்த மரியாதை ஏறுகிறவனுக்கும் கிடைக்க வேண்டும். வாரியத்தில் பதியாத பனையேறிகளைத் தேடிப்போய்ப் பதிய வேண்டும். விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்களுக்கு ஒருமுறைத் தொகை போதாது, மாத ஓய்வூதியம் வேண்டும். கருவிகளைச் சோதிக்கும் குழுவில் பொறியாளருக்குச் சமமாகப் பனையேறியும் உட்கார வேண்டும். இறங்க விரும்புகிறவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும், ஏற விரும்புகிறவர்களுக்கு இழிவில்லாத வேலை வேண்டும். இரண்டையும் சேர்த்தே கேட்போம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் ஏறி ஓய்ந்த பெரியவர் யாராவது இருப்பார். போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். தளை எப்படி முறுக்குவது, எந்த மாதம் எந்தப் பாளை, விழுந்தவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வரி போட்டவர்களின் பெயர் செப்பேட்டில் இருக்கிறது. கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட அந்த நான்கு குடும்பங்களில் இருந்தவர்களின் பெயர் நமக்கு வரவில்லை. இனி விழுகிறவர்களின் பெயராவது நம் நோட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும்.