தீங்கற்றவை என்னும் சொல்

1966-ஆம் ஆண்டு கார்னாக், என்டர்லைன் என்னும் இருவர், நிணநாளங்களில் மென்தசை அணுக்கள் பெருகி உருவாகும் அரிய கட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். தலைப்பிலேயே அவற்றைத் தீங்கற்றவை எனக் குறித்திருந்தனர். நுண்நோக்கியின் கீழ் அச்சொல் பிழையன்று. புற்றணுக்களின் வெறி அவற்றில் தென்படுவதில்லை.

நோயின் முழுப்பெயர் லிம்ஃபாஞ்சியோலியோமயோமடோசிஸ். மருத்துவர்களே நாவுக்கு இரங்கி 'லாம்' எனச் சுருக்கிக்கொண்டனர். ஏறத்தாழப் பெண்களை மட்டுமே, பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில், பற்றுவது. நுரையீரல் மெல்ல மெல்லத் துளைபட்டுச் சல்லடையாகும். நிணநாளம் அடைபட்டு, பால்நிற நீர் நெஞ்சுக்கூட்டில் தேங்கும். பலருக்கு ஆஸ்துமா என்றே நெடுநாள் மருந்து தரப்பட்டது. பெண்மைச் சுரப்பின் மேல் ஐயம் எழவே சூலகங்களை அகற்றியும் பார்த்தார்கள். அதனால் பயன் உண்டென்று நிறுவப்படவில்லை. தீங்கற்றதற்கு இத்தனை தண்டனையா! மாற்று நுரையீரல் பொருத்தியவர்களிடமும் நோய் சில வேளை திரும்பியது. அவ்வணுக்கள் நோயாளியின் உடலிலிருந்தே புதிய நுரையீரலுக்குக் குடிபெயர்ந்தவை என 2003-இல் தெரியவந்தது. குடிபெயரும் ஒன்றை எப்படித் தீங்கற்றது என்பது?

1995-இல், மகளுக்கு இந்நோய் எனக் கேட்ட சூ பர்ன்ஸ் என்ற தாய் அமெரிக்காவில் லாம் அறக்கட்டளையைத் தொடங்கினார். சிதறிக் கிடந்த நோயாளிகள் ஒன்றுதிரண்ட பிறகே ஆய்வு வேகம் பெற்றது. டிஎஸ்சி2 என்னும் மரபணுவின் பழுதே பலரிடம் மூலம் என்பது 2000-இல் வெளிப்பட்டது. அது பழுதானால், அணுவின் வளர்ச்சியை முடுக்கும் எம்டார் என்ற புரதத்துக்குக் கடிவாளம் இல்லை.

அந்தக் கடிவாளம் வேறெங்கோ முன்பே கிடைத்திருந்தது. 1964-இல் ஈஸ்டர் தீவுக்குச் சென்ற கனடியக் குழு கொணர்ந்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரி சுரந்த பொருள் அது. தீவின் சொந்தப் பெயரான ராப்பா நூயியை ஒட்டி ராபமைசின் ஆனது. மாண்ட்ரியல் ஆய்வகம் மூடப்பட்டபோது, பஞ்சாபில் பிறந்த சுரேந்திர நாத் சேகல் அதை வீட்டு உறைபெட்டியில் வைத்துக் காத்தார். 1999-இல் சிறுநீரக மாற்றுக்கான மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சேகல் 2003-இல் மறைந்தார். லாம் நோயாளிகள் அதனால் பெற்ற பயனைக் காண அவர் இல்லை.

2011-இல் 89 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு வெளியானது. வெற்று மாத்திரை உண்டோர், ஒரு நொடியில் வெளிவிடும் காற்றில் மாதம் 12 மில்லிலிட்டர் இழந்தனர்; மருந்துண்டோருக்கு இழப்பில்லை, மாதம் 1 மில்லிலிட்டர் கூடியது. 2015-இல் அமெரிக்க அரசு லாமுக்கும் அதை ஏற்றது. ஓராண்டுக்குப் பின் மருந்தை நிறுத்தியதும் நுரையீரலின் சரிவு மீண்டும் தொடங்கியது.